ஸர் வால்ட்டர் ஸ்காட்டும் அவர் பட்ட கடனும்

ஆங்கில நவீனங்களில் ஒரு சிலவேனும் பயின்றோர் ஸர் வால்ட்டர் ஸ்காட்டின் பெயரை அறியாதிரார். 'ஐவன்ஹோ'வின் வீரப் போர்களையும் 'கெனில்வர்த்'தின் கோட்டை விழாக்களையும் படித்து மகிழ்ந்த மாணவர் பலராயினும், அவற்றை எழுதிய கை தன் இறுதி ஆறாண்டுகளில் எதன்பொருட்டு ஓயாது எழுதிற்று என்பதை அறிந்தோர் சிலரே. அவருடைய புலமையை அளந்து காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனை அறிஞர் பலர் முன்னரே செய்துள்ளனர். ஏறக்குறைய 1,20,000 பவுன் கடன் ஒரு வாரத்தில் தலைமேல் வீழ்ந்தபோது, அம்மனிதர் தமக்குக் கடன் கொடுத்தோர் முன் எவ்வாறு நின்றார் என்பதொன்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

ஸ்காட் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் எடின்பரோ நகரில் சட்டத் தொழில் புரிந்த ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். ஒன்றரை வயதில் வந்த நோயால் வலக்கால் ஊனமுற்றது. உடல் தேறும்பொருட்டுப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பப்பட்ட சிறுவர், அங்கு எல்லைப்புறத்துப் பழங்கதைகளையும் போர்ப்பாட்டுக்களையும் செவியாரப் பருகினார். 1792இல் வழக்கறிஞரானார், 1797இல் சார்லட் என்னும் பிரெஞ்சுக் குலத்து நங்கையை மணந்தார். 1799இல் ஸெல்கர்க் நாட்டு ஷெரீப் பதவியும், 1806இல் எடின்பரோ உயர்நீதிமன்றத்தில் எழுத்தர் பதவியும் வாய்த்தன. இவ்விரண்டினாலும் நாளடைவில் ஆண்டுக்கு 1,600 பவுன் வருவாய் அமைந்தது. இதற்கிடையே அவருடைய கதைப்பாட்டுக்கள் நாடெங்கும் பரவின. 'மார்மியன்' என்னும் பாட்டுக்கு, அது முற்றுப்பெறு முன்னரே, கான்ஸ்டபிள் என்னும் நூல் வெளியீட்டாளர் 1,000 கினி கொடுத்தார். இவ்வளவு வருவாயுடையோர் கடனில் ஆழ்ந்தது எவ்வாறு என்று கேட்பது இயல்பே.

காரணம் இரண்டு. ஒன்று, மறைவாகச் செய்த வாணிகம், மற்றொன்று, மண்ணாசை.

கெல்ஸோ என்னும் ஊரில் அச்சகம் நடத்திய ஜேம்ஸ் பாலன்டைன் ஸ்காட்டின் பள்ளித் தோழர். ஸ்காட்டின் தூண்டுதலால் அவர் எடின்பரோவுக்கு அச்சகத்தை மாற்றினார். 1805இல் ஸ்காட் அவ்வச்சகத்தில் பங்காளியானார். ஆனால் அப்பங்கு எவர்க்கும் தெரியாதவாறு மறைக்கப்பட்டது. நீதிமன்றத்து அதிகாரி கடை வைத்து நடத்துதல் அக்காலத்து மேன்மக்கள் கண்ணுக்கு இழிவாய்த் தோன்றியதே இதற்குக் காரணம். 1809இல் ஜேம்ஸின் தம்பி ஜான் பாலன்டைன் பெயரால் நூல் வெளியீட்டுக் கடையும் திறக்கப்பட்டது. விலைபோகாத நூல்கள் அடுக்கடுக்காய்த் தேங்க, 1813இல் அக்கடை கவிழும் நிலைக்கு வந்தது. கான்ஸ்டபிளே தேங்கிய சரக்கில் ஒரு பகுதியை வாங்கிக் கைதூக்கிவிட்டார். அத்துடன் ஸ்காட் வாணிகத்தை அறவே விட்டிருப்பாராயின் இக்கட்டுரைக்கு இடமிராது.

1814இல் 'வேவர்லி' என்னும் நவீனம் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஒன்றும் இரண்டுமாக நவீனங்கள் வந்துகொண்டே யிருந்தன. ஆசிரியர் யாவர் என்பது பல்லாண்டு வெளிப்படவில்லை. ஸ்காட் வைத்திருந்த மறைபொருள் இரண்டனுள் இஃது ஒரு விளையாட்டு. யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அச்சகப் பங்கென்னும் மற்றையதோ நஞ்சாய் முடிந்தது. ஒளித்து நடத்தும் தொழிலின் கணக்கை வெளிப்படையாய்க் கேட்பார் இலர். கேட்பார் இல்லாத கணக்கு ஒழுங்காயிருத்தல் அரிது.

மண்ணாசையைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 1811இல் ட்வீடு ஆற்றங்கரையில் 110 ஏக்கர் அளவுள்ள ஒரு வறண்ட பண்ணையை 4,000 பவுனுக்கு வாங்கி, அதற்கு அபட்ஸ்போர்ட் எனப் பெயரிட்டார். விலையிற் பாதி உடன்பிறந்தாரிடம் பெற்ற கடன். மறுபாதி இன்னும் எழுதப்படாத ஒரு பாட்டின்மேல் வாங்கிய முன்பணம். பின்னர் அண்டையயல் நிலங்களை மேன்மேலும் வாங்கினார். அயலார் ஸ்காட்டின் ஆசையறிந்து விலையை ஏற்றினர், அவரும் கொடுத்தார். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், கோபுரங்களோடு கூடிய மாளிகையும், படைக்கலங்களும், பல்லாயிரம் நூல்கள் கொண்ட நூல்நிலையமும் அமைந்தன. அக்காலத்துப் புதுமையான வாயு விளக்கும் அங்கே எரிந்தது. 1820இல் பாரனெட் என்னும் சிறப்புப் பெயரும் கிடைத்தது. கான்ஸ்டபிள் பெயர்கூட இடப்படாத நான்கு நவீனங்களுக்கு விலை பேசி முன்னரே சீட்டெழுதித் தந்திருந்தார். நாளைய விளைவை நம்பி இன்று செலவிடும் உழவன் நிலை இதுவே. அந்நான்கையும் ஸ்காட் தவறாது எழுதி முடித்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இச்செலவுகட்கெல்லாம் உதவியது உண்டியல். இன்ன நாளில் இன்ன தொகை தருவேன் என்று ஒருவர் ஒப்பி எழுதிக்கொடுக்கும் சீட்டே உண்டியலாம். சரக்கு வாங்கியவன் விற்றவனுக்கு எழுதிக் கொடுத்தல் முறை. சரக்கேதும் கைமாறாமலே நண்பர் இருவர் ஒருவர் சீட்டில் ஒருவர் ஒப்பமிட்டு, அதனை வங்கியிற் கொடுத்து வட்டம் கழித்துப் பணம் பெறுதல் மற்றொரு முறை. இது நிழலை அடைமானம் வைப்பது போன்றது. தவணை வந்தபோது பழைய சீட்டைத் தீர்க்கப் புதுச்சீட்டு எழுதப்படும். பாலன்டைன் அச்சகமும் கான்ஸ்டபிளும் பல்லாண்டுகளாய் இவ்வாறு ஒருவரையொருவர் தாங்கி நின்றனர். கான்ஸ்டபிள் தாம் ஒப்பமிட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் காப்பாக அதே தொகைக்கு ஒரு மறுசீட்டை வாங்கி வைத்துக்கொள்வார் என்றும், இடுக்கண் வந்தபோது அம்மறுசீட்டுக்களையும் வெளியே விட்டுப் பணமாக்கினார் என்றும், இதனால் ஒரு கடனே இரண்டாயிற்றென்றும் ஸ்காட்டின் மருமகர் லாக்ஹார்ட் எழுதியுள்ளார். அவர் பழியைப் பெரும்பாலும் பாலன்டைன் உடன்பிறந்தார்மேல் சுமத்துகின்றார். பாலன்டைன் தரப்பினரோ 1838இல் மறுப்பு நூல் வெளியிட்டு, நிலம் வாங்க அச்சகப் பணத்தை எடுத்தவர் ஸ்காட்டே என்றனர். இருதிறத்தாரையும் நோக்கின், நண்பர்களுடைய கவலையின்மையும் ஸ்காட்டின் கைத்தாராளமும் ஒன்றையொன்று வளர்த்தன என்றே எனக்குத் தோன்றுகின்றது. அவரைக் குற்றமற்றவராகக் காட்ட முயல்வது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. தாம் குற்றமற்றவர் என்று அவரும் எண்ணவில்லை.

1825ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் பெரும் பணமுடை உண்டாயிற்று. வங்கிகள் பல கதவடைத்தன. கான்ஸ்டபிளின் இலண்டன் முகவரான ஹர்ஸ்ட் ராபின்ஸன் கம்பெனியார், நூல் விற்கும் தொழிலோடு நில்லாது, மது வடிக்கப் பயன்படும் ஹாப்ஸ் பூவிலும் ஊகவாணிகம் செய்திருந்தனர் என்பர். அவர்கள் வீழவே கான்ஸ்டபிள் வீழ்ந்தார். கான்ஸ்டபிள் வீழவே பாலன்டைன் அச்சகம் வீழ்ந்தது. அச்சகத்தின் மறைவுப் பங்காளியும் உடன் வீழ்ந்தார். அபட்ஸ்போர்ட் நிலத்தின்மேல் கடைசி நேரத்தில் 10,000 பவுன் கடன் வாங்கிக் கொட்டியும் பயனில்லை. 1826ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாட் காலை ஜேம்ஸ் பாலன்டைன் வந்து எல்லாம் முடிந்ததென அறிவித்தார். ஸ்காட்டுக்கு அப்போது வயது 54. அவருடைய பதவி ஊதியம் முழுவதையும், ஒரு காசும் உண்ணாமல், கடனுக்கே கட்டினாலும், வட்டி நீங்கலாக முதலைத் தீர்க்க 75 ஆண்டு செல்லும்.

இந்நிலையில் அவர்முன் வழிகள் சில இருந்தன. சட்டப்படி திவாலாகி, உள்ள பொருளைக் கொடுத்து, எஞ்சிய கடனினின்று விடுதலை பெறலாம். நம் நாட்டில் மஞ்சட் கடிதம் கொடுத்தல் என்று வழங்குவதும் இதனையே. வாணிகருலகில் அதனை எவரும் பெரும்பழியாகக் கருதார். கான்ஸ்டபிள் அவ்வழியே சென்றார். அவருக்குக் கடன் கொடுத்தோர் பவுன் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 9 பென்ஸே பெற்றனர். ஹர்ஸ்ட் ராபின்ஸனுக்குக் கொடுத்தோர் பெற்றது அதனினும் குறைவு. மேலும் அபட்ஸ்போர்ட் மாளிகையும் நிலமும் முந்திய ஆண்டே மூத்த மகனின் திருமணத்தையொட்டி அவன்பேரில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே அவற்றைக் கடன்கொடுத்தோர் எளிதில் தொடவும் இயலாது.

ஸ்காட் திவாலை நாடவில்லை. தம் சொத்தையும், இனித் தாம் எழுதப்போகும் நூல்களின் ஊதியத்தையும் தருமகர்த்தர் மூவர் கையில் ஒப்புவிப்பதாகவும், முழுக்கடனையும் தாமே தீர்ப்பதாகவும் கூறி, காலம் ஒன்றையே வேண்டினார். நம் சிற்றூர்களில் கடன் கேட்க வருவோரின் காலடியோசை கேட்டவுடன் புழக்கடை வழியே வெளியேறுவோரை யான் கண்டதுண்டு; வீட்டுச் சிறுபிள்ளையை வாயிலுக்கு அனுப்பித் தந்தையார் ஊரில் இல்லையெனச் சொல்லச் செய்வாரும் உளர். அவர்களை இகழ்தல் எளிது. அந்நிலையில் நிற்றலே அரிது. இருபதாண்டு வாணிகத்தை மறைத்துவந்த ஒருவர், வீழ்ந்த அன்றே எல்லாவற்றையும் திறந்து காட்டியதுதான் வியப்பு. கணக்கு, வீடு, தட்டுமுட்டு, பாதி எழுதிய கையெழுத்துப்படி முதலாக ஒன்றையும் அவர் ஒளிக்கவில்லை.

நண்பர் பலர் உதவ முன்வந்தனர். பெயர் கூற விரும்பாத ஒருவர் 30,000 பவுன் தருவதாகச் சொல்லியனுப்பினார். அவருடைய புதல்வியர்க்கு யாழ் கற்பித்த போல் என்னும் ஏழை ஆசிரியர், தம் வாழ்நாட் சேமிப்பெல்லாமாகிய 500, 600 பவுனைத் தர விழைந்தார். ஸ்காட் இருவர்க்கும் நன்றி கூறி மறுத்தார். இதனைப் பெருந்தன்மை என்பதா, செருக்கு என்பதா? இரண்டும் கலந்ததே என்பது என் எண்ணம். ஆயினும் செல்வரின் கொடையை மறுத்ததில் செருக்குக் கண்டாலும், ஏழை யாழாசிரியரின் பணத்தை மறுத்ததில் அதனைக் காண்டல் இயலாது.

கடன்கொடுத்தோர் கூடி ஆராய்ந்தனர். சிலர் மகனுக்கு எழுதிய பத்திரத்தை வழக்காடி முறிக்கவேண்டும் என்றனர். எனினும் பெரும்பாலோர் ஸ்காட்டின் வேண்டுகோளுக்கு இணங்கினர். வங்கியாளரான ஸர் வில்லியம் போர்ப்ஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். முடிவில், பதவி ஊதியம் அவருடைய வாழ்க்கைச் செலவுக்கு விடப்பட்டது. அபட்ஸ்போர்டில் வாடகையின்றி வாழவும் இசைந்தனர். எடின்பரோவில் 28 ஆண்டு வாழ்ந்த காஸில் தெருவைச் சார்ந்த 39ஆம் எண் வீடு விற்பனைக்கு வந்தது. மார்ச்சுத் திங்களில் அவ்வீட்டை விட்டு வெளியேறினார். பணியாளர் பலரை நீக்கவேண்டி வந்தது. உணவறைப் பணியாளர் டால்கிளீஷ் ஊதியமின்றியே இருப்பேன் என்று அடம்பிடித்துத் தங்கினார். வண்டியோட்டி பீட்டர் கலப்பை பிடித்தார்.

மே மாதத்தில் மனைவியார் நோயுற்றார். நீதிமன்றப் பணியைவிட்டால் ஊதியம் இல்லை. ஆதலின் நோயாளியை அபட்ஸ்போர்டில் விட்டு ஸ்காட் எடின்பரோவில் ஒரு வாடகை அறைக்குச் சென்றார். சில நாட்களில் மனைவியார் இறந்த செய்தி அவ்வறைக்கு வந்தது. உடனிருந்து கண்மூடவும் கடன் இடந்தரவில்லை.

எழுத்து நிற்கவில்லை. கேடு வந்த நாட்களிலேயே 'வுட்ஸ்டாக்' நவீனத்தின் பக்கங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மார்ச்சில் முடிந்த அந்நூல் 8,228 பவுனுக்கு விலைபோயிற்று. மூன்று திங்கள் உழைப்பின் பயன் இது. அக்காலத்திலேயே, ஸ்காட்லாந்து வங்கிகளின் ஒரு பவுன் நோட்டை ஒழிக்க அரசினர் முயன்றபோது, புனைபெயரில் மூன்று கடிதங்கள் வெளியிட்டு எதிர்த்தார். அரசினர் எண்ணத்தைக் கைவிட்டனர். வங்கிகட்குக் கடன்பட்டு நொடித்தவரே வங்கிகளின் நோட்டைக் காத்தது ஒரு வேடிக்கை. பின்னர் நெப்போலியன் வரலாற்றை எழுதப் புகுந்து, செய்தி திரட்டப் பாரிஸுக்கும் சென்று வந்து, ஒன்பது பாகங்களாக 1827இல் முடித்தார். அதனால் கடன்கொடுத்தோர்க்கு 18,000 பவுன் கிடைத்தது. வரலாற்று நூல் என்ற அளவில் அதிற் பிழைகள் உண்டு. விரைந்தெழுதியது வெளிப்படையாகத் தெரிகின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் எடின்பரோவில் நடந்த ஒரு விருந்தில் வேவர்லி நவீனங்களின் ஆசிரியர் தாமே என்று வெளிப்பட ஒப்பினார். மறைத்துவைக்க இனி அவரிடம் ஒன்றும் எஞ்சவில்லை.

1827இன் இலையுதிர் காலத்தில்தான் பெருஞ்சோதனை வந்தது. அபுட் கம்பெனி என்னும் இலண்டன் உண்டியல் வணிகர் பொது ஏற்பாட்டில் சேராது, தமக்குரிய ஏறக்குறைய 2,000 பவுனை உடனே கொடாவிடில் சிறைப்படுத்துவோம் என்று அச்சுறுத்தினர். ஸ்காட்லாந்துச் சட்டத்தில், கடன் தீர்க்காதவனை அரசாணை மீறியவன் என்று கொம்பூதி அறிவித்துச் சிறையிலிடும் வழக்கம் இருந்தது. இதனை 'ஆன்ட்டிக்வரி' நவீனத்தில் நகைச்சுவை ததும்ப விளக்கியவர் ஸ்காட்டே. அந்நகைப்பு இப்போது தம் வாயிலுக்கே வந்தது. ஹோலிரூட் அரண்மனை எல்லைக்குட் புகுந்த கடனாளியை எவரும் பற்றலாகாது என்பது பழைய முறை. அங்கு அடைக்கலம் புகவோ, மான் தீவுக்குச் செல்லவோ ஸ்காட் ஆயத்தமானார்.

திடீரென்று அபுட் கம்பெனியாரின் தொல்லை நின்றது. ஸர் வில்லியம் போர்ப்ஸ் தம் சொந்தப் பணத்திலிருந்து அக்கடனைத் தீர்த்துவிட்டு, அத்தொகைக்குத் தாமும் மற்றையோரைப்போல் ஒரு கடன்கொடுத்தோராகத் தம் பெயரைப் பதிந்துகொண்டார். ஸ்காட்டுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. போர்ப்ஸ் 1828இல் இறந்தபின்னரே ஸ்காட் இதனை அறிந்தார். இந்தப் போர்ப்ஸ் யாவர்? இளமையில் ஸ்காட் உயிரினும் மேலாகக் காதலித்த வில்லியமினா என்னும் பெண்ணை மணந்துகொண்டவர் அவரே. முப்பதாண்டுக்கு முன் ஸ்காட்டின் உள்ளத்தை உடைத்த திருமணம் அது. நவீனத்தில் இப்படி ஒரு நிகழ்ச்சியை அமைத்தால் நம்மில் சிலர் நம்பமாட்டோம்.

அச்சம் சூழ்ந்த அவ்வாரங்களிலேதான் 'கேனன்கேட் கதைகள்' என்னும் தொகுதி வெளிவந்தது. அதிலுள்ள 'மருத்துவர் மகள்' என்னும் கதை நம் சென்னையிலும் மைசூரிலும் நடப்பது. ஹைதர் அலியும் அதில் வருகின்றார். ஸ்காட் இந்தியாவுக்கு வந்தவரல்லர். நண்பர் ஒருவரிடம் கேட்டறிந்தே நம் நாட்டு நிகழ்ச்சிகளை எழுதினார். அதன் விற்பனைப் பணமும் கடனுக்கே சென்றது.

அவ்வாண்டின் முடிவுக்குள், இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தில், ஏறக்குறைய 40,000 பவுன் எழுத்தால் ஈட்டப்பட்டது. கடன்கொடுத்தோர்க்குப் பவுன் ஒன்றுக்கு 6 ஷில்லிங் வீதம் முதற்பங்கு கிடைத்தது. பழைய நவீனங்களின் உரிமை ஏலத்திற்கு வந்தபோது, ராபர்ட் கெடல் என்னும் வெளியீட்டாளரும் ஸ்காட்டின் தருமகர்த்தரும் சேர்ந்து அதனை எடுத்தனர். 1829 முதல் அந்நவீனங்கள் புதிய முன்னுரைகளோடும் குறிப்புக்களோடும் திங்களுக்கொரு பாகமாக, 5 ஷில்லிங் விலையில் வந்தன. திங்கள்தோறும் 35,000 படிகள் வரை விற்றன. செல்வர்க்கே எட்டிய நவீனங்கள் நடுத்தர மக்கள் கையிலும் தவழ்ந்தன. கடன் அடைக்கச் செய்த இவ்வேற்பாடே அவர் புகழை மேலும் பரப்பியது.

1830 பிப்ரவரியில் ஸ்காட்டை வாதநோய் தாக்கியது. மருத்துவர் ஓய்வு கொள்ளுமாறு வற்புறுத்தினர். நீதிமன்றப் பதவியை விட்டார், எழுத்தை விடவில்லை. ஊதியக் குறைவை ஈடுசெய்ய அரசினர் தர முன்வந்த கூடுதல் ஓய்வூதியத்தையும் கொள்ள மறுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள் கடன்கொடுத்தோர் மீண்டும் கூடினர். பவுனுக்கு 3 ஷில்லிங் வீதம் இரண்டாம் பங்கு பிரிக்கப்பட்டு, கடன் ஏறக்குறைய 54,000 பவுனுக்கு இறங்கியது. அப்போது அவர்கள் ஒரு தீர்மானம் செய்தனர்: அபட்ஸ்போர்டிலுள்ள நூல்நிலையம், தட்டுமுட்டு, வெள்ளிக் கலம், ஓவியம், அரும்பொருள்கள் அனைத்தையும் ஸ்காட்டுக்கே திருப்பிக் கொடுப்பதென்று. சட்டப்படி அவை அவர்களுடையவை. பெருந்தொகை இன்னும் வரவேண்டியிருந்த நிலையில் வணிகரும் வங்கியாளரும் தம் கையிலிருந்த பொருளைத் திருப்பித் தந்தார்கள். இவ்வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ்வித்தது இச்செய்தியே. முதற் கூட்டத்தில் பத்திரத்தை முறிப்போம் என்று பேசிய கூட்டத்தாரும் இவர்களே யல்லரோ?

அதன்பின் எழுதிய நூல்களில் மூளைத் தளர்ச்சி தெரிகின்றது. கை நடுங்கியதால் லெய்ட்லா என்னும் பழைய நண்பர் அருகிலிருந்து எழுதிக்கொடுத்தார். 1831 அக்டோபரில் உடல் தேறும்பொருட்டு அரசினர் தந்த போர்க்கப்பலில் மால்டாவுக்கும் நேப்பிள்ஸுக்கும் சென்றார். நேப்பிள்ஸில் இருந்தபோது, தம் கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதென்ற எண்ணம் எவ்வாறோ அவருள்ளத்திற் புகுந்தது. கெடல் அதனைத் திருத்தவில்லை, குடும்பத்தாரும் திருத்தவில்லை. ஆறாண்டு நீங்காத சுமை, பொய்யான ஓர் எண்ணத்தாலாயினும், கடைசியில் அவர் தோளினின்று இறங்கியது. 1832 ஜூலையில் நினைவு மங்கியவராய் அபட்ஸ்போர்டை அடைந்தார். ட்வீடு ஆற்றையும் தம் மாளிகையின் கோபுரங்களையும் கண்டபோது மட்டும் உணர்வு பெற்றெழுந்தார். ஒரு நாள் எழுதவேண்டுமெனக் கேட்டு மேசையருகில் அமர்த்தச் செய்தார், கொடுத்த பேனாவை விரல்கள் பற்றவில்லை, கண்ணீர் வழிந்தது. செப்டம்பர் 21ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவருடைய ஆயுள் காப்பீட்டில் 22,000 பவுன் வந்தது. தருமகர்த்தர் கையில் 2,000 பவுன் இருந்தது. எஞ்சிய 30,000 பவுனை நூலுரிமைகளின் ஈட்டின்மேல் கெடல் முன்னதாகக் கொடுத்து, 1833இல் கடன்கொடுத்தோர் கணக்கை முடித்தார். கெடலுக்குரிய கடனும் அபட்ஸ்போர்டின்மேலிருந்த அடைமானமும் நின்றன. நூல்களின் விற்பனையாலும், லாக்ஹார்ட் எழுதிய ஸ்காட் வரலாற்றின் உரிமையைக் கெடலுக்கு விட்டுக்கொடுத்ததாலும் அவை 1847இல் முற்றும் தீர்ந்தன. மூத்த மகன், அபட்ஸ்போர்டுக்கு உரியவர், நம் சென்னை இராசதானியில் குதிரைப்படைத் தலைவராயிருந்து நோயுற்று நாடு திரும்புகையில், அவ்வாண்டு பிப்ரவரியில் நன்னம்பிக்கை முனைக்கருகே கப்பலில் இறந்தார். தந்தையார் பட்ட கடனின் கடைசிக் காசு தீர்ந்த செய்தி அவருக்கு எட்டவில்லை.